அட்டை அடுக்களை

வனமாமலை, கார் கதவுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலையில் துணை மேலாளர். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ பேர் அவர் கண்காணிப்பில் உருவான கீலை நம்பிக் கதவைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி இறங்கிப் போகிறார்கள். அவர் மட்டும் தன் சொந்த வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

வாசற்கதவு தப்பான பக்கம் திறக்கும். பாதி திறந்ததும் ஒரு கண்ணாடி ஷோகேஸில் இடித்து நின்றுவிடும். மீதிப் பாதியில் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, நண்டு மாதிரி உள்ளே வர வேண்டும். ஷோகேஸில் இருந்தவை வனமாமலையின் கேடயங்கள். தொழிற்சாலையில் தேவையற்ற அசைவுகளை ஒழித்ததற்காக, ஆட்களின் வீண் நடையைக் குறைத்ததற்காக, பொருள்கள் தடையின்றி ஓட வழி செய்ததற்காக அவருக்கு வருஷம் தவறாமல் கொடுத்தவை. ஒவ்வொரு கேடயத்தையும் அவர் பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் வந்திருந்த காலத்தில் கட்டிய வரிசை வீடுகள் அவை. கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களைப் போல ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். ஐரோப்பிய பாணி என்று கட்டியவர் விளம்பரம் செய்திருந்தார். ஐரோப்பாவில் யாரும் சமைக்க மாட்டார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாசலை ஒட்டியே அடுக்களை இருந்தது; ஆனால் நடுவில் ஒரு சுவர். அடுக்களைக்கு வழி பின்பக்கம். தண்ணீர் கேன் வந்தாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும், ஹாலைச் சுற்றி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஊர்வலம் போய்த்தான் அடுப்பைச் சேர முடியும். சேர்ந்த பிறகு ஓர் ஆள் நிற்கலாம். இன்னோர் ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டும்.

இத்தனை வருஷமும் அந்த ஓர் ஆள் அவர் மனைவி வேல்விழி.

மகன் பிறந்தபோது விட்ட வேலை அவளுடையது. தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். மகன் இப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று அவளை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் சேர வேண்டும். அவள் கம்பெனி பஸ்ஸும் அவர் கம்பெனி பஸ்ஸும் விடிந்தும் விடியாமலும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருப்பு வாசலுக்கு வரும். ஓர் ஆள் அடுக்களையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பஸ்ஸையும் பிடிக்க முடியாது. ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கலாம். எது என்று அவளுக்குத் தெரியும்.

“அடுக்களையையும் வாசலையும் மாத்திக் கட்டணுங்க” என்று அவள் சொன்னபோது வனமாமலை மறுப்பார் என்று பார்த்தாள். அவர் துள்ளி எழுந்தார். அதுதான் பயமாக இருந்தது.

அவருடைய கம்பெனியில் ‘இல்லத்திலும் கைசன்’ என்று போட்டி வைத்திருந்தார்கள். கைசன் என்றால் ஜப்பான்காரர்கள் சொல்லும் சின்னச் சின்னத் திருத்தம். வனமாமலையின் கைக்கு வந்தால் சின்னது எதுவும் சின்னதாகத் திரும்பிப் போகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பேடும் பென்சிலுமாக வேல்விழியின் பின்னாலேயே நடந்து, அவள் போகிற வழியையெல்லாம் கோடாக இழுத்தார். சாயங்காலம் பார்த்தால் தாளில் ஒரு தட்டு இடியாப்பம்.

கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அம்மா கோமதியம்மாளுக்குத் தாங்கவில்லை.

“ஏல, என்னத்துக்குப் பொண்டாட்டி பின்னாலயே திரியுத? கல்யாணமான புதுசுலகூட இப்படித் திரியலயே.”

“ஸ்டடி பண்ணுதேன்ம்மா.”

“இப்பமாவது பண்ணுதியே. பண்ணு.”

ஒரு வாரத்தில் வரைபடம் தயாராகிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறியது. நாலு வண்ணம், எங்கு பார்த்தாலும் அம்புக்குறி. அடுக்களையின் நடுவில் குச்சி குச்சியாக ஒரு மனித உருவம். அதற்கு நீளமாக ஒரு சடை.

“இது யாரு?” என்றாள் வேல்விழி.

“ஆபரேட்டர்.”

“யாரு ஆபரேட்டர்?”

“பொதுவா ஒரு ஆபரேட்டர். படத்துக்காக.”

“பொதுவான ஆபரேட்டருக்குச் சடை எதுக்கு?”

வேல்விழி முடியைத் தோளோடு வெட்டி வெகுகாலம் ஆகிறது. வனமாமலை தொண்டையைச் செருமிக்கொண்டு அம்புக்குறிகளுக்குத் தாவினார்.

“இங்கன பாரு. நின்ன எடத்துல நின்னு இந்தப் பக்கம் திரும்புனா அடுப்பு. அந்தப் பக்கம் திரும்புனா சிங்க். கைய நீட்டுனா மசாலா டப்பா. ஒரு அடி நகர வேண்டாம். ராணி மாதிரி நிக்கலாம்.”

“எந்த ஊரு ராணிங்க நின்னுக்கிட்டே இருந்தா?”

“விழி, இது கிண்டல் பண்ற விஷயமில்ல.”

“நானும் கிண்டல் பண்ணல. எனக்கும் காலையில பஸ்ஸு. ரெண்டு பேர் நின்னு வேல செய்யற மாதிரி வேணும்.”

“ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு ஆளா? என் ப்ளாண்ட்ல நான் அதுக்குக் கையெழுத்தே போட மாட்டேன்.”

“இது உங்க ப்ளாண்ட் இல்ல. வீடு.”

அளவு பார்க்க வந்திருந்த கொத்தனார் சாம்சன் இந்தப் பேச்சு முடியட்டும் என்று சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கிற அதே சுவர்.

“இத்த எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணா பூடும் மேடம்” என்றார். “அரைக்கல் சொவுருதான். பீமு மேல தனியா கீது. ஒண்ணும் ஆவாது.”

“அது ஃபிக்ஸ்டு” என்றார் வனமாமலை.

“இல்ல சார், சும்மா தடுப்புச் சொவுரு…”

“சாம்சன். அது ஃபிக்ஸ்டு.”

அவர் கை அந்தச் சுவரை ஒட்டி நின்ற ஷோகேஸின் மேல் இருந்தது. பச்சைக் குழந்தையின் தலையில் வைப்பது போல. வரைபடத்தில் வேல்விழியின் கால் போன வழியெல்லாம் இருந்தது. அந்த ஷோகேஸ் மட்டும் எங்குமே இல்லை. இடிபடும் பொருளாக அல்ல, சுவரின் உறுப்பாக அதைச் சேர்த்துவிட்டிருந்தார்.

அன்று இரவு வேல்விழி சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவர் புள்ளிவிவரத்தோடு வருவார். அவள் வேறு வழியில் போனாள்.

“சரி, உங்க படப்படியே கட்டிருவோம். ஆனா ஒரு சந்தேகம். ப்ளாண்ட்ல புது லைன் போடுததுக்கு முன்னால என்னமோ அட்டையில செஞ்சு பார்ப்பீங்களே?”

வனமாமலையின் முகம் மலர்ந்தது. அது அவருக்குப் பிடித்த கதை. இரும்பும் மோட்டாரும் வாங்குவதற்கு முன், அட்டைப்பெட்டிகளை வெட்டி அதே அளவில் மேசை, அலமாரி, இயந்திரம் எல்லாம் செய்து நிறுத்தி, உள்ளே ஆளை விட்டு வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் தேறாத எதற்கும் வனமாமலை கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை ஜப்பானிலிருந்து வந்த பெரியவரே அவசரப்படுத்தியும் போடவில்லையாம். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் பந்தியிலிருந்து எழுந்ததில்லை.

“ட்ரயல் பார்க்காம எப்படிக் கட்டுவேன்?” என்றார், அந்த யோசனை அவருடையதே போல. விடிவதற்குள் அது அவருடையதே ஆகிவிட்டது.

படப்பையில் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையிலிருந்து ஒரு வேன் அட்டைப்பெட்டி வந்தது. குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், வாட்ச்மேன் அறையை ஒட்டி, அட்டை அடுக்களை எழும்பியது. அடுப்பு மேடை, சிங்க், தலைக்கு மேல் அலமாரிகள், வாசற்கதவு, செருப்பு அலமாரி எல்லாம் அச்சு அசல். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறிகள் எல்லாம் கீழே பார்த்துக்கொண்டு நின்றன. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அந்தச் சுவரில் ஷோகேஸின் படத்தைக் கேடயங்களோடு வண்ணத்தில் அச்சடித்து அதே உயரத்தில் ஒட்டியிருந்தார் வனமாமலை. கேடயங்கள் நேரில் இருப்பதைவிடப் படத்தில் அதிகம் பளபளத்தன.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரத்தினம், தெருவிளக்கு எரிந்தாலே திறப்பு விழா வைக்கிறவர். அட்டையில் அடுக்களை என்றதும் அவருக்குக் கை துறுதுறுத்தது. ஞாயிறு காலை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து, அட்டைக் கதவுக்குக் குறுக்கே ரிப்பனும் கட்டிவிட்டார். ஊர் முழுக்க வந்திருந்தது. இலவசமாக உப்புமா என்று வாட்ச்மேன் சொல்லிவைத்திருந்தார்.

“இன்னிக்கு நம்ம குடியிருப்பு வரலாத்துல…” என்று ரத்தினம் தொடங்கினார். வரலாறு நீண்டுகொண்டே போனது. இடையில் கிச்சன் என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது.

வனமாமலை கம்பெனிச் சட்டையிலும் பாதுகாப்பு பூட்ஸிலும் வந்திருந்தார். ரிப்பன் வெட்டி முடிந்ததும் கையை நீட்டி, “விழி, ஆபரேட்டர் உள்ள வரலாம்” என்றார்.

வேல்விழி நாற்காலியை விட்டு எழவில்லை.

“ஆபரேட்டர் இன்னைக்கு லீவு.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வனமாமலையும் சிரித்தார், பெருந்தன்மையாக.

“என்ன விழி, விளையாடுத?”

“ஆள் வரலைன்னா லைனை நிறுத்திருவீங்களா?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ஆள் வராத ஒருநாள் அவரே போய் நின்று லைனை ஓட்டிய கதை, அவருடைய இரண்டாவது பிரபலமான கதை. டை கட்டிக்கொண்டு நின்றாராம். இங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அதையும் கேட்டிருந்தார்கள்.

“சார் டையோட ஓட்டினாரே! இன்னா சார், உப்புமா ஒரு மேட்டரா?” என்று பின்னால் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“லைன் நிக்காது” என்றார் வனமாமலை. உள்ளே போனார். போன வேகத்தில் மேல் அலமாரி நெற்றியில் இடித்தது. அது வேல்விழியின் உயரத்துக்கு வைத்தது. அடுப்பு மேடையும் அவள் உயரத்துக்கு, அவர் குனிந்தார். குனிந்தால் அலமாரி பின்னந்தலையில் தட்டியது. நல்லவேளை, அட்டை.

வாட்ச்மேன் அறையிலிருந்து இழுத்த ஒயரில் மின்னடுப்பு ஓடியது. எண்ணெய், கடுகு, வெங்காயம் எல்லாம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. வரைபடம் பொய் சொல்லவில்லை. குனிந்த முதுகோடு வனமாமலை ரவையைக் கொட்டிக் கிளறத் தொடங்கினார். அவருக்கு வேர்த்தது, ஆனால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது. வேல்விழி அவர் முதுகையே பார்த்தாள். இந்த மனிதர் இதையும் செய்து காட்டிவிட்டால்? அப்புறம் தை மாதமும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

எழுந்தாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு கையில் காலி டப்பாவோடு உள்ளே வந்தாள்.

“என்ன, லீவுன்னியே?”

“ஆபரேட்டர்தான் லீவு. நான் வேலைக்குப் போறவ. என் பஸ் வந்துருச்சு. டப்பா கட்டணும்.”

அவள் உள்ளே வர அவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் அடுப்பு எட்டாது. அடுப்பை எட்டினால் அவளுக்கு சிங்க் எட்டாது. பஸ்ஸில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் படியில் சந்தித்த மாதிரி இருவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார்கள்.

“கொஞ்சம் நவுரு.”

“எங்க நவுர? நவுரதுக்கு எடம் வரஞ்சீங்களா?”

“ஏல, ரவ கருகுது!” என்று கோமதியம்மாள் வெளியிலிருந்து கத்தினாள்.

வனமாமலை சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். பூட்ஸ் கால் ஒயரில் சிக்கியது. தோள் சுவரில் சாய்ந்தது. அட்டைச் சுவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அத்தனை கேடயங்களோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரத்தினத்தின் மேல் கவிழ்ந்தது. செயலாளர் அட்டைக்கு நடுவே தலையை விட்டு வெளியே வந்தபோது அவர் உச்சந்தலையில், கேடயப் படத்திலிருந்து கிழிந்த ‘சிறந்த மேம்பாட்டாளர்’ என்ற துண்டு ஒட்டியிருந்தது.

குடியிருப்பு வரலாற்றில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை எழுந்ததில்லை.

சிரிப்பு அடங்கியபோது வனமாமலை கொதிக்கும் சட்டியோடு அப்படியே நின்றிருந்தார். எதிரே சுவர் இல்லை. நேராக வாசல் தெரிந்தது. வாசலில் கோமதியம்மாள் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இப்படியே போடு. சுத்தி வராண்டாம்.”

அவர் போட்டார். அடுத்த தட்டு வந்தது. அதற்கும் போட்டார். வாசல் பக்கம் தானாக ஒரு வரிசை நின்றது. சுவர் விழுந்த இடத்தில் அவர் ஓர் அடி முன்னால் நகர்ந்திருந்தார், முதுகு நிமிர்ந்திருந்தது. அவர் விட்ட இடத்தில் வேல்விழி நின்று டப்பாவைக் கழுவி, துடைத்து, நிரப்பி, மூடினாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகாக நின்று வேலை செய்தார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் படவில்லை.

வேல்விழி வாயைத் திறக்கவில்லை. அன்றைய வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

கடைசித் தட்டு போனதும் வனமாமலை திரும்பிப் பார்த்தார். விழுந்த சுவரை, வாசலை, தான் நின்ற இடத்தை, அவள் நிற்கும் இடத்தை. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்வார். சோதனையைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டார். ஜப்பான் பெரியவர் கதை நிஜம்தான்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, குப்புறக் கிடந்த அட்டையில் கொட்டை எழுத்தில் ‘ட்ரயல் தோல்வி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஃப்ளோவுக்கு இந்தச் சுவருதான் தடை” என்றார் கூட்டத்தைப் பார்த்து, இப்போதுதான் கண்டுபிடித்தவரைப் போல. “இது போகணும்.”

வேல்விழி தலையாட்டினாள். கண்டுபிடித்த பெருமையை அவரே எடுத்துக்கொள்ளட்டும். அவளுக்கு வேண்டியது வேறு.

“ஆபரேட்டர் எத்தனை?” என்றாள்.

அவர் மெல்ல ஏதோ முனகினார்.

“மைக்குல சொல்லுல” என்றாள் கோமதியம்மாள்.

ரத்தினம் மைக்கை நீட்டினார். தலையில் அந்தப் பட்டம் இன்னும் ஒட்டியிருந்தது.

“ரெண்டு” என்றார் வனமாமலை. ஒலிபெருக்கி அதை வல்லக்கோட்டைச் சாலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சாம்சன் சம்மட்டியோடு வந்த நாளில், “மொத அடி மேடம்து” என்று நீட்டினார். வேல்விழி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓங்கினாள். முதல் அடியில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு செங்கல் அசைந்தது. மூன்றாவதில் அது அந்தப் பக்கம் விழுந்தது. துவாரத்தின் வழியே வாசல் வெளிச்சம் அடுக்களைக்குள் வந்து தரையில் விழுந்தது. இத்தனை வருஷம் பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்த இடம்.

“சூப்பர் மேடம்! பேசாம எங்கூட வேலைக்கு வந்துருங்க” என்றார் சாம்சன்.

“எனக்கு வேலை கெடைச்சிருச்சுப்பா.”

கேடயங்களை வனமாமலையே துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். ஷோகேஸைக் கழற்றும்போது மட்டும் கடைக்குப் போகும் வேலை அவருக்கு வந்துவிட்டது. வாசற்கதவின் கீல் மறுபக்கம் மாறியது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு திருப்புளியும் கால் நாளும். கீல் மாற்றியதை அவர் நெடுநேரம் நின்று, திறந்து மூடித் திறந்து பார்த்தார். எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காகவே வேல்விழி அன்று அவருக்கு வடை சுட்டாள்.

சுவர் இருந்த இடத்தில் இப்போது இடுப்புயர மேடை. அவருக்கு ஒரு உயரத்தில் அடுப்பு, அவளுக்கு ஒரு உயரத்தில் சிங்கும் பலகையும். தண்ணீர் கேன் வாசலில் இறங்கினால் நேரே உள்ளே வரும். செருப்புகள் ஒரு நீள இருக்கைக்கு அடியில் போய்விட்டன. கோமதியம்மாள் அதில் உட்கார்ந்துகொண்டு அடுக்களைக்கும் தெருவுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டாள்.

‘இல்லத்திலும் கைசன்’ போட்டியில் வனமாமலைக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, சாவி மாட்ட ஆணி அடித்த ஒருவருக்குப் போனது. வீட்டில் இரண்டு நாள் அந்த ஆணியைப் பற்றித்தான் பேச்சு.

தை பிறந்தது. வேலையில் சேரும் காலை, வேல்விழி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வனமாமலை இட்லிப் பானையை இறக்கினார். சூடு. வைக்க இடம் தேடினார். புது மேடை, கறை படக் கூடாது. சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரமாக மேடையிலேயே கிடந்த இரண்டாம் பரிசுக் கேடயம் கண்ணில் பட்டது, கனமான தேக்குப் பலகை. அவர் கை போனது. நின்றது. பானை சுட்டது. கேடயத்தை இழுத்துப் போட்டு அதன்மேல் பானையை ‘தம்’ என்று வைத்தார்.

அவள் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

“நல்லா ஃபிட்டாவுது” என்றார் இட்லியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டே.

வெளியே ஹாரன். வேல்விழி பையை மாட்டிச் செருப்பைப் போட்டாள்.

“டப்பா!”

மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டப்பா நீண்டது. அவள் வாசலில் நின்றபடியே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கதவு முழுசாகத் திறந்தது. இரண்டு தோளும் ஒரே நேர்கோட்டில், நெஞ்சு முன்னால் இருக்க, அவள் தன் வீட்டை விட்டு வெளியே போனாள்.

“ஏட்டி, பாத்துப் போ!” என்று கோமதியம்மாள் கத்தினாள். “ராத்திரிக்கு அடுப்ப இவன்ட்ட மட்டும் விட்டுராத, சாயங்காலம் ரெண்டு பேருமா வாங்க!”

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பஸ் திரும்புவதற்குள் அவள் வீட்டைப் பார்த்தாள். பின்னாலேயே அவர் பஸ்ஸும் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வனமாமலை அவசரமாக வாசலுக்கு வந்தார். விரியத் திறந்த கதவு. எதிரே தடையாக ஒன்றுமில்லை. அவர் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, பழக்க தோஷத்தில் பக்கவாட்டாக நழுவி வெளியே வந்தார்.

வேல்விழி சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, மொத நாளே இவ்ளோ சந்தோஷமா?”

“ஆமா” என்றாள் வேல்விழி. மடியில் டப்பா இன்னும் சூடாக இருந்தது.